பதினோராம் நாள் ஊசி

தராசைக் குப்பை அறைக்கு மாற்றிய அன்று ஆய்வகமே சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்துதான் சிரித்தாள். பதினாறு வருடமாக மருந்தை மில்லிகிராமில் நிறுத்துப் பழகியவள், இனிமேல் கிழிந்த கையுறையையும் காலிக் குப்பியையும் நிறுத்து எழுத வேண்டும் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? தராசு என்பது அண்ணன் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். வீட்டு வாசலைத் தாண்டி, பள்ளிக்கூடத்தையும் தாண்டி, அது எப்படியோ வழி விசாரித்துக்கொண்டு ஆய்வகம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவளுக்கு இன்னொரு பெயர் இருப்பது யாருக்கும் ஞாபகமில்லை.

மாற்றியதில் யார் மேலும் குற்றமில்லை. விதி அப்படி. அவர்கள் செய்யும் புது மருந்தை ஆஸ்பத்திரியில் எட்டு நோயாளிகளுக்குச் சோதனையாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த எட்டாவது ஆள் அவள் அண்ணன். சொந்தக்காரர் யாராவது நோயாளிப் பட்டியலில் இருந்தால் அந்த மருந்தை அளக்கும் மேஜைப் பக்கமே போகக் கூடாது. அண்ணனைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி, சோதனையை நடத்தும் டாக்டரம்மாவிடம் நடையாய் நடந்தவளே அவள்தான். ஆகவே முணுமுணுக்கவும் வழியில்லை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பழைய கட்டடங்களின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, முப்பது வருடத் தூசியையும் ஈரத்தையும் சுவாசித்து, கடைசியில் நுரையீரலில் பூஞ்சை பிடித்துவிட்டது. பாதி ஊரை மேலே ஏற்றி இறக்கியவனுக்கு ஆறு படி ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

அந்தப் பூஞ்சைக்கு மருந்து இல்லாமல் இல்லை. நல்ல மருந்தே இருக்கிறது. அதில் ஒரே ஒரு கோளாறு, அது தண்ணீரில் கரையாது. எவ்வளவு கலக்கினாலும் சுண்ணாம்புத் தூள் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் எண்ணெய்ப் பசையுள்ள ஒரு திரவத்தில் கரைத்துத்தான் நரம்பில் ஏற்றுவார்கள். மருந்து பூஞ்சையைக் கொல்லும். திரவம் ஆளைப் பாடாய்ப் படுத்தும். குளிர் நடுக்கம், குமட்டல், குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி. அண்ணன் ஒன்றரை மாதம் அதைத் தாங்கினான். "நோய் என்னைக் கொல்லாது தராசு, வைத்தியம் முந்திக்கும்" என்று அவன் சொன்ன நாளில்தான் அவள் டாக்டரம்மாவிடம் நடக்க ஆரம்பித்தாள்.

புது மருந்து என்றாலும் உள்ளே இருப்பது அதே பழைய சரக்குதான். அதைப் பாலிமரால் ஆன மிகச் சின்ன உருண்டைகளுக்குள் அடைத்திருந்தார்கள். எவ்வளவு சின்னது என்றால், ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் எழுநூறு உருண்டைகள் தோளோடு தோள் நிற்கலாம். உருண்டை தண்ணீரில் சாதுவாக மிதக்கும். மருந்து உள்ளே பத்திரமாக இருக்கும். எண்ணெய்த் திரவமே வேண்டாம். சோதனையில் சேர்ந்த எட்டுப் பேருக்கும் பழைய ஊசியை அடியோடு நிறுத்திவிட்டு, தினமும் மாலை நான்கு மணிக்குப் புது ஊசி ஏற்றினார்கள்.

பத்து நாள் முடிந்திருந்தது. நேற்று சாயங்காலம் வார்டுக்குப் போனபோது அண்ணன் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தான். நின்றுகொண்டு!

"வா தராசு, என்னை நிறுத்துப் பாரு. ரெண்டு கிலோ கூடியிருக்கேன்."

"கூடாம என்ன செய்யும்? காலைல இருந்து மூணு தடவை சாப்பிட்டாச்சு" என்றாள் அண்ணி. "நர்ஸம்மா தட்டை எடுக்க வந்தா, இருங்க இருங்கன்னு விரட்டுறார். பக்கத்துப் படுக்கைக்காரர் தட்டை மூடி வெச்சுக்கறாராம், இவருக்குப் பயந்து."

"பத்து நாளா ஒரு வாந்தி உண்டா? ஒரு நடுக்கம் உண்டா? பச்சைத் தண்ணி மாதிரி உள்ள போகுது உங்க மருந்து" என்று சொல்லிவிட்டு அண்ணன் இருமினான். கொஞ்சம் நீளமான இருமல். "இது பழைய சரக்கு. வெளிய வந்துட்டு இருக்கு" என்று கையை ஆட்டினான்.

அண்ணி அவளை வராந்தா வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கையை மட்டும் இறுக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கையின் சூடு மறுநாள் காலையில் குப்பை அறைக் கதவைத் திறக்கும்போதும் தராசுக்கு நினைவில் இருந்தது. வியாழக்கிழமை. கழிவு எடுக்கும் வண்டி பதினோரு மணிக்கு வரும். ஒவ்வொரு வகைக் கழிவும் எத்தனை கிராம் என்று சீட்டில் எழுதித் தர வேண்டும்.

அன்றைய கழிவில் நான்கு வடிகட்டித் தகடுகள் இருந்தன. சின்னத் தட்டு அகலத்தில், காகிதம் போல மெல்லிசாக, வெள்ளையாக இருக்கும். உருண்டைகளைத் தண்ணீரில் செய்து முடித்ததும், கிருமியோ தூசியோ இருந்தால் போகட்டும் என்று அந்தத் தண்ணீரை இந்தத் தகடு வழியாகச் செலுத்திக் குப்பிகளில் நிரப்புவார்கள். ஒரு தடவை செய்யும் சரக்குக்கு ஒரு தகடு. பயன்படுத்தியதைக் காய வைத்துக் குப்பைக்கு அனுப்புவது வழக்கம்.

வேறு யாராக இருந்தாலும் நான்கையும் அள்ளி ஒன்றாக வைத்து, ஒரே எடையாக எழுதித் தள்ளியிருப்பார்கள். அவள் ஒவ்வொன்றாக வைத்தாள். பழக்கம் விடவில்லை. பதினாறு கிராம் சொச்சம். அடுத்ததும் பதினாறு. மூன்றாவதும் அப்படியே. நான்காவது பதினாறுக்கு ஒரு மயிரிழை குறைவு.

புதுத் தகடு பதினோரு கிராம் என்பது அவளுக்கு மனப்பாடம். முன்பெல்லாம் பயன்படுத்திக் காய்ந்த தகடும் பதினொன்றேகால் தாண்டியதில்லை.

'சரியாகக் காயவில்லை' என்று நினைத்து மறுபடி உலர்த்தும் அடுப்பில் வைத்து, முக்கால் மணி நேரம் கழித்து எடுத்து நிறுத்தாள். அதே எடை. புள்ளிக்கு அப்புறம் இருந்த எண்கூட அசையவில்லை. ஐந்து கிராம் ஏறியிருந்தது. நான்கு தகட்டிலும், தகட்டுக்கு ஐந்து.

ஒரு தடவை சரக்கு செய்ய அவர்கள் எடுத்துக்கொள்ளும் மருந்தும் ஐந்து கிராம்தான்.

அவளுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு நான்கு தகடுகளையும் தனியாக ஒதுக்கி வைத்தாள். கழிவு வண்டிக்காரர் வந்து வாசலில் நின்று ஹார்ன் அடித்தார். "இன்னிக்கு இல்லைங்க, போயிட்டு வாங்க" என்றாள். "குப்பைக்குக் கூட வாய்தா வாங்குறீங்களேம்மா" என்று சலித்துக்கொண்டே அவர் கிளம்பினார்.

தகட்டின் மேல் நகத்தால் லேசாகச் சுரண்டினாள். பாலிமர் என்றால் பிசின் மாதிரி வழவழவென்று வர வேண்டும். இது பொடியாக வந்தது. வெளிச்சத்தில் பிடித்தபோது மினுக்கியது. ஊசி ஊசியாக, மிகச் சின்னப் படிகங்கள்.

மருந்தை அளக்கக் கூடாது என்றுதான் விதி. குப்பையை அளக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. அவள் அந்தப் பொடியில் ஒரு துளி எடுத்துக் கரைப்பானில் போட்டு மேல் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த எச்.பி.எல்.சி. மெஷினில் ஒரு கலவையைச் செலுத்தினால் அதிலுள்ள பொருள்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு சிகரம் வரையும். இந்த மருந்தின் சிகரம் ஏழாவது நிமிடத்தில் எழும்.

ஏழாவது நிமிடத்தில் கோடு செங்குத்தாக எழுந்து, திரையின் கூரையை முட்டிக்கொண்டு நின்றது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மருந்து உருண்டைக்குள் போகவில்லை. வெளியிலேயே படிகமாகிவிட்டது. படிகம் பெரிது, தகட்டைத் தாண்ட முடியாமல் அதிலேயே தங்கிவிட்டது. தாண்டிப் போனவை உருண்டைகள் மட்டும். காலி உருண்டைகள்.

அப்படியானால் இத்தனை குப்பிகளிலும் தொண்ணூற்றேழு சதவீதம் மருந்து இருக்கிறது என்று எழுதியது யார்?

எழுதியவர்கள் அளக்கும் மேஜையில் இருந்த இரண்டு பேர். ஆனால் அளக்கும் முறையை வகுத்து, தட்டச்சு செய்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டவள் அவள். உருண்டையை உடைத்து உள்ளே இருப்பதை அளக்க இரண்டு நாள் ஆகும். அதற்கு ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்திருந்தாள். உருண்டைக்கு வெளியே, தண்ணீரில், எவ்வளவு மருந்து மிச்சம் நிற்கிறது என்று பார், போட்ட ஐந்து கிராமில் அதைக் கழி, மீதியெல்லாம் உள்ளே. சிறிய அளவில் செய்து பார்த்தபோது உடைத்தும் பார்த்தாள், கழித்தும் பார்த்தாள். இரண்டும் அச்சாக ஒத்துப்போயின. எல்லோரும் கைகூடத் தட்டினார்கள். அதற்கப்புறம் பெரிய அளவுக்குப் போனபோது கழித்தல் மட்டும் போதும், உடைத்துப் பார்ப்பதை வெளி ஆய்வகம் செய்யட்டும் என்று முடிவாயிற்று. அந்த வெளி ஆய்வகத்தின் முடிவு வர ஆறு வாரம்.

கழிப்பதற்கு எடுக்கும் தண்ணீரை வடிகட்டிய பிறகுதான் எடுப்பார்கள். மருந்து தண்ணீரில் கரையாது, அதன் படிகங்களைத் தகடு பிடித்துக்கொண்டது, மிச்சத் தண்ணீரில் மருந்தைத் தேடியிருக்கிறார்கள். கிடைக்குமா? கிடைக்கவில்லை. கிடைக்காததால் உள்ளே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். இது மூன்று வருடமாக அவள் கண்ணில் படவில்லை. பார்த்த ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மணி பன்னிரண்டேகால் ஆகியிருந்தது. அவள் நேராகக் கலவை அறைக்குப் போனாள். அங்கே கரண்டி இருந்தான். பெரிய மிக்சரை ஓட்டுபவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"என்ன தராசு மேடம், இன்னிக்குக் குப்பை எவ்வளவு தேறிச்சு?"

"மருந்தும் பாலிமரும் கரைச்ச கரைசலைத் தண்ணில எவ்வளவு நேரத்துல விடறீங்க?"

"நாற்பது நிமிஷம்."

"சின்னதா செய்யறப்போ?"

"நாலு நிமிஷம். அதே பம்பு, அதே வேகம், பத்து மடங்கு சரக்கு. நான் எதையும் மாத்தல மேடம். மாத்தினா தப்பாயிடும்னு அப்படியே…" அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் நிறுத்தினான். "ஏன்?"

அவள் தகட்டைக் காட்டினாள். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். படித்தவன் என்று தன்னை ஒருபோதும் சொல்லிக்கொள்ளாதவன். ஆனால் கரைசல் மெதுவாக இறங்கினால் என்ன ஆகும் என்று அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே வீச்சில் கலந்தால்தான் பாலிமர் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். சொட்டுச் சொட்டாக விட்டால் மருந்து தனி வழி பார்த்துக்கொள்ளும்.

"ஐயோ" என்றான் கரண்டி.

ஆய்வகத் தலைவரின் அறைக்கு இரண்டு பேரும் போனார்கள். தலைவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். கேட்டு முடித்தபோது மூடியைப் பிடித்த கை அந்தரத்திலேயே நின்றது.

"குப்பையை வெச்சு நாம ஒரு முடிவுக்கு வரக் கூடாதும்மா" என்றார் மெதுவாக. "ஒருவேளை தகட்டுல கொஞ்சம் தங்கியிருக்கலாம். உள்ளயும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம் சார். எடுத்து வெச்ச குப்பி இருக்கு. உடைச்சுப் பார்ப்போம். நான் தொடக் கூடாது. கரண்டி செய்யட்டும்."

"உடைக்க ரெண்டு நாள் ஆகும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"சரியான அளவு வேணும்னா ரெண்டு நாள். உண்டா இல்லையான்னு பார்க்க அரை மணி நேரம் போதும் சார்."

ஒவ்வொரு தடவை செய்த சரக்கிலும் சில குப்பிகளைப் பூட்டி வைப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு இப்போது போய்க்கொண்டிருந்த சரக்கின் குப்பி ஒன்றைத் தலைவர் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். கரண்டி அதைத் திறந்து, பாலிமரைக் கரைக்கும் திரவத்தை ஊற்றினான். பால் போல் இருந்தது கண்ணெதிரே தெளிந்தது. உருண்டைகள் உடைந்துவிட்டன. உள்ளே இருப்பது எதுவானாலும் இப்போது வெளியே.

மெஷினில் வைத்தார்கள். தராசு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரை ஒட்டி நின்றாள். திரையில் கோடு ஓட ஆரம்பித்தது. ஐந்து நிமிடம். ஆறு. ஏழு. கோடு படுத்தே கிடந்தது. அந்த ஏழில் ஒரு சின்னப் புடைப்பு மட்டும், கொசு உட்கார்ந்து எழுந்த மாதிரி. எட்டு. ஒன்பது. அப்புறமும் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இனி எதுவும் வராது என்று தெரிந்தும், மெஷின் தானாக நிற்கும் வரை ஒருவரும் நகரவில்லை.

"இன்னொரு குப்பி" என்றார் தலைவர்.

இன்னொரு குப்பியும் அதேதான். நூறு பங்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பங்கு.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். "நாளைக்குக் காலைல எல்லாக் கரைசலையும் புதுசாப் போட்டு, மூணு தடவை பார்த்துட்டு, அப்புறமா ஆஸ்பத்திரிக்கு முறைப்படி எழுதுவோம். தப்பாச் சொல்லிட்டா எட்டு பேர் பயந்துடுவாங்க."

"சார், மணி ரெண்டே முக்கால். நாலு மணிக்கு ஊசி."

"தண்ணிதானேம்மா. ஒரு நாள் கூடப் போனா கெடுதல் ஒண்ணும்…"

"பழைய ஊசியை நிறுத்தி வெச்சிருக்கு சார்." அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவது போல் கேட்டது. "பதினொரு நாளா எட்டுப் பேருக்கும் மருந்தே இல்ல. பூஞ்சைக்குத் தடையே இல்ல. இது உங்களுக்குப் புரியுது. எனக்கும் புரியுது. என் கையெழுத்து இருக்கிற தப்பு. நீங்க கூப்பிடலைன்னா நான் கூப்பிடறேன்."

தலைவர் அவளைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். முதல் தடவை தப்பான எண்ணை அழுத்தி, யாரிடமோ மன்னிப்புக் கேட்டு வைத்தார். இரண்டாவது தடவை டாக்டரம்மா கிடைத்தாள்.

தராசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. டாக்டரம்மா வராந்தாவிலேயே காத்திருந்தாள். அவள் எப்போதும் வேகமாக நடப்பவள், வேகமாகப் பேசுபவள். இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் நல்லா இருக்காங்களே" என்றாள், ஏதோ தராசு அதை மறுத்துப் பேசப் போவது போல. "எட்டு பேரும் சாப்பிடறாங்க, தூங்கறாங்க. நடுக்கம் இல்ல, வாந்தி இல்ல. இதைத்தானே நாம எதிர்பார்த்தோம்? அதே மாதிரி நடந்துச்சே!"

"எண்ணெய்த் திரவம் இல்ல டாக்டர். அதனால வாந்தி இல்ல. மருந்து இருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும், இல்லாட்டியும் அப்படித்தான் இருக்கும்."

டாக்டரம்மா அருகிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். "நேத்துதான் மூணாவது படுக்கைக்காரர் வீட்டுல வந்து கையைப் பிடிச்சு அழுதாங்க. சந்தோஷத்துல" என்றாள். "வர்ற ஞாயித்துக்கிழமை ஸ்கேன் வெச்சிருந்தேன். பதினாலாம் நாள். அதுக்குள்ள எதுக்குன்னு…" எழுந்தாள். "சரி. இப்பவே எல்லாருக்கும் எடுக்கணும். உங்க அண்ணன்கிட்ட முதல்ல சொல்லிடலாம். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நான் சொல்றேன்."

அண்ணன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அண்ணியிடம் ஏதோ கதை அளந்துகொண்டிருந்தான். பக்கத்து ஸ்டூலில் வீட்டுச் சாப்பாடு ஒரு தட்டில் மூடியிருந்தது. தங்கையும் டாக்டரம்மாவும் சேர்ந்து வருவதைப் பார்த்து, "என்ன, ஜோடியா வர்றீங்க? டிஸ்சார்ஜா?" என்றான்.

அவள் நின்றபடியே சொன்னாள். வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு வந்த வாக்கியங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. "அண்ணா, இத்தனை நாளா உனக்கு ஏத்தின ஊசில மருந்து இல்ல. வெறும் உருண்டை. உள்ள ஒண்ணும் இல்ல."

அண்ணன் சிரித்தான். அவன் சிரிப்புக்கு ஒருவரும் கூடச் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

"யார் தப்பு?"

"என் தப்பு. உள்ள இருக்கான்னு பார்க்கிற முறையை எழுதினது நான். அது தப்பான முறை."

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். நேற்று கையைப் பிடித்த அதே அண்ணி. பார்த்துவிட்டு, மடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"பழைய ஊசியை இன்னிக்கே ஆரம்பிக்கணும்" என்றாள் டாக்டரம்மா.

"எதுக்கு?" அண்ணன் குரல் உயர்ந்தது. "நான் நல்லா இருக்கேன். மருந்து இல்லாமலே நல்லா இருக்கேன்னா என்ன அர்த்தம்? நோய் போயிடுச்சுன்னு அர்த்தம். இது கூடத் தெரியாமலா படிச்சீங்க?"

"அண்ணா…"

"பேசாத! பத்து நாளா மனுஷனா இருக்கேன். சாப்பிடறேன். உன் அண்ணிகூட உட்கார்ந்து பேசறேன். மறுபடியும் அந்தக் கர்மத்தை ஏத்தி, பக்கெட்டைக் கட்டிக்கிட்டு கிடக்கச் சொல்றியா? இந்தத் தண்ணியே எனக்கு ஒத்துக்குது. இதையே போடுங்க. கையெழுத்து வேணும்னா போட்டுத் தர்றேன்."

அவன் கேட்டதில் ஒரு நியாயம் இருந்ததுதான் தராசை உலுக்கியது. அவன் உடம்பு அவனிடம் சொன்னதை அவன் நம்பினான். அவளும் இத்தனை வருடம் அப்படித்தானே நம்பினாள். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து, தெரியாததை எழுதினாள்.

"ஒண்ணு செய்வோம்" என்றாள் டாக்டரம்மா. "ஸ்கேன் எடுக்கலாம். நோய் போயிருந்தா நானே உங்களை வீட்டுக்கு அனுப்பறேன்."

"எடுங்க. இப்பவே எடுங்க."

சக்கர நாற்காலி வந்தது. அண்ணன் அதைக் காலால் தள்ளிவிட்டு நடந்தே போனான். ஸ்கேன் அறை வராந்தாவின் அந்தக் கோடியில். பாதி வழியில் இருமல் வந்தது. நின்றான். சுவரில் மாட்டியிருந்த ஏதோ அறிவிப்பைப் படிப்பது போல் பாவனை செய்துகொண்டு மூச்சு வாங்கினான். அண்ணி அவன் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டியபடி, ஆனால் தொடாமல் நின்றாள்.

இருபது நிமிடத்தில் படம் வந்தது. டாக்டரம்மா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் போட்டாள். ஊசி ஆரம்பிப்பதற்கு முந்தைய நாள் எடுத்தது இடது பக்கம். வலது நுரையீரலின் மேல் மூலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. இன்றைய படத்தில் அது எலுமிச்சை அளவில் இல்லை. முஷ்டி அளவுக்கு வந்திருந்தது. அதுவரை சுத்தமாக இருந்த இடது நுரையீரலில் புதிதாக இரண்டு பொட்டு.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். தராசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள், இருந்தாலும். இரண்டு படத்தின் மூலையிலும் தேதி இருந்தது. நடுவில் பதினொரு நாள்.

அண்ணன் மட்டும் வெகு நேரம் திரையைப் பார்த்தான். லிஃப்ட் நின்று போனால் மோட்டார் அறையில் வயரிங்கைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. எங்கே பிடித்தால் எங்கே போகும் என்று கண்ணாலேயே தொடர்ந்து பார்ப்பது.

"இது நானா?" என்றான் கடைசியில்.

"ஆமா" என்றாள் டாக்டரம்மா. "இப்ப ஆரம்பிச்சா இன்னும் கை மீறிப் போகல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் விட்டிருந்தா என்னால அப்படிச் சொல்லியிருக்க முடியாது."

வார்டுக்குத் திரும்பும்போது அவன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தான். ஒருவரும் சொல்லவில்லை. அவனாகவே உட்கார்ந்தான்.

நர்ஸ் பழைய ஊசியின் பாட்டிலைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டினாள். மஞ்சளாக, கெட்டியாக, பாட்டிலின் ஓரத்தில் பிசுபிசுத்து நின்றது. அந்த வாசனைக்கே அண்ணன் முகம் ஒரு பக்கம் கோணியது. கையை நீட்டப் போனவன் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"ஒரு கால் மணி நேரம் கொடுங்க" என்றான். "இந்தத் தட்டைச் சாப்பிட்டு முடிச்சுக்கறேன். இதுக்கப்புறம் எப்பச் சாப்பிடுவேனோ."

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினாள். நர்ஸ் குழாயை மடக்கிக் கம்பியில் தொங்கவிட்டு ஓரமாக நின்றாள்.

அண்ணி தட்டின் மூடியை எடுத்தாள். ஆறிப் போயிருந்தது. சூடு பண்ணிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தான். சாப்பிட ஆரம்பித்தான். நேற்று மாதிரி அள்ளி அள்ளிப் போடவில்லை. ஒவ்வொரு வாயையும் மெதுவாக மென்று, விழுங்கி, கொஞ்சம் நிறுத்தி, அடுத்ததை எடுத்தான். நடுவில் ஒரு தடவை இருமல் வந்தது. அது அடங்கும் வரை கையில் எடுத்ததைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான். நான்கு பேர் சுற்றி நின்று ஒருவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற கூச்சம் ஒருவருக்கும் வரவில்லை. தராசுக்கு அழுகை வந்தது. இந்தக் கட்டிலருகே தான் அழுவதற்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அடக்கிக்கொண்டாள்.

தட்டு காலியானது. அண்ணி தண்ணீர் கொடுத்தாள். அவன் வாய் கொப்பளித்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு படுத்தான். இடது கையை நீட்டினான். நர்ஸ் ஊசியைப் பொருத்தினாள். குழாயில் மஞ்சள் திரவம் மெல்ல இறங்கி வந்தது. அண்ணன் அதை மேலிருந்து கீழ் வரை கண்ணால் பின்தொடர்ந்தான்.

"மத்த ஏழு பேருக்கு யார் சொல்லப் போறா?" என்றான் திடீரென்று.

"நானும் வர்றேன்" என்றாள் டாக்டரம்மா. "ஆனா என்ன நடந்ததுன்னு உங்க தங்கச்சிதான் சொல்லணும்."

அண்ணன் தங்கையின் பக்கம் தலையைத் திருப்பினான். கோபம் போய்விட்டதா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "அப்ப இங்க என்ன நின்னு பார்த்துட்டு இருக்க? எனக்கு இன்னும் அரை மணி நேரத்துல ஆரம்பிச்சுடும். அதைப் பார்க்க உன் அண்ணி போதும். நீ போ. அவங்கெல்லாம் இன்னும் நல்லா இருக்கோம்னு நினைச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க."

அண்ணி ஸ்டூலைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, காலால் பக்கெட்டை நகர்த்தி வைத்தாள். தராசை அவள் பார்க்கவில்லை. ஆனால் வழியில் இருந்த தன் பையை எடுத்து, அவள் போவதற்கு இடம் விட்டாள்.

மூன்றாவது படுக்கையில் ஒரு மனிதர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, போனில் யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். இன்று காலையில் மாடிப்படி ஏறி இறங்கினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தராசும் டாக்டரம்மாவும் வருவதைக் கண்டு, சிரித்த முகமாக, உட்காருங்கள் என்று கையால் ஜாடை காட்டினார்.

தராசு உட்காரவில்லை. அவர் பேசி முடிக்கும் வரை நின்றாள்.